பக்க வருமானமும் சொந்த வீடும்

தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த நம்மவர்களுக்கு வீடு என்பது வேலையோடு ஒட்டி வந்த ஒன்றாகவே இருந்தது. பால்மரம் வெட்டுகிறவருக்கும் களை எடுக்கிறவருக்கும் நிர்வாகம் லயத்தில் ஒரு வீடு கொடுத்தது. தண்ணீர் கொடுத்தது. கோயிலும் பள்ளிக்கூடமும் ஆயாக் கொட்டகையும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. மாதா மாதம் வாடகை கேட்டு யாரும் வாசலில் வந்து நின்றதில்லை. ஆனால், வயதாகி வேலையை விட்ட அன்று அந்த வீடும் கையைவிட்டுப் போயிற்று. மகனோ மகளோ அதே தோட்டத்தில் பெயர் பதிந்திருந்தால் வீடு நீடித்தது. இல்லாவிட்டால் தட்டுமுட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றவேண்டியதுதான்.

1957-இல் நாடு விடுதலை பெற்றதை ஒட்டிய ஆண்டுகளில், வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். ‘தோட்டத் துண்டாடல்’ என்ற சொல் நம் பத்திரிகைகளில் அன்றாடம் அடிபட்ட காலம் அது. வேலை போனதோடு கூரையும் போகிறது என்பதைக் கண்ட துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள், 1960-ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டிய பணத்தைக் கொண்டு தோட்டங்களையே வாங்க முடியும் என்று அச்சங்கம் காட்டியது. அன்றைய நாட்கூலியில் பத்து வெள்ளி என்பது சாதாரணத் தொகை அன்று.

அதன் பிறகும் இடப்பெயர்வு நிற்கவில்லை. இன்று நாட்டின் நிர்வாகத் தலைநகராக விளங்கும் புத்ராஜெயா, ஒரு காலத்தில் பெராங் பெசார் முதலான தோட்டங்களாக இருந்த நிலம். 1990-களில் அங்கிருந்த குடும்பங்கள் டிங்கில் அடுக்குமாடிகளுக்குப் போக நேர்ந்ததை நம்மில் பலர் அறிவோம்.

இந்த வரலாற்றை இங்கே எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம்மவர்கள் பக்க வருமானம் தேடத் தெரியாதவர்கள் அல்லர். காலையில் பெரட்டுக்கு நின்று, மதியம் வரை பால் எடுத்து, மாலையில் மாட்டுக்குப் புல் அறுத்தவர்கள் நம் பெற்றோர். பால் விற்றார்கள், ஆடு கோழி வளர்த்தார்கள், லயத்துக்குப் பின்னால் கத்திரியும் வெண்டையும் போட்டார்கள், சம்பள நாளில் ஒட்டுக்கடை வைத்தார்கள். அந்தப் பணம் எங்கே போயிற்று? கல்யாணத்துக்குப் போயிற்று, காதுகுத்துக்குப் போயிற்று, ஊரில் இருந்த உறவுக்கு மணியார்டராகப் போயிற்று. வீட்டுக்குப் போகவில்லை. ஏனென்றால் வீட்டுக்குப் பணம் தேவைப்படவில்லை. உழைத்துக் கூடுதலாகச் சம்பாதிப்பது நமக்குப் பரம்பரைப் பழக்கம். அதை வீட்டுக்கென்று ஒதுக்கி வைப்பதோ ஒன்றிரண்டு தலைமுறைப் பழக்கந்தான். ஆகவே, எப்படிச் சம்பாதிப்பது என்பதைக் காட்டிலும், சம்பாதித்த பணம் எந்த வழியாக வீடாக மாறுகிறது என்பதையே இங்கு விரிவாகப் பார்ப்போம்.

எவ்வளவு வேண்டும்?

முதலில் தொகையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1982 முதல் 1998 வரை மலிவு விலை வீட்டின் உச்ச விலை 25,000 வெள்ளி. இன்று பல இடங்களில் முன்பணம் மட்டுமே அந்த அளவுக்கு வந்துவிட்டது. ஓர் எடுத்துக்காட்டாக, வாங்க நினைக்கும் வீட்டின் விலை 250,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். முதல் வீட்டுக்கு வங்கி பெரும்பாலும் 90 விழுக்காடு வரை கடன் தரும். மீதி 25,000 வெள்ளியை நாம் தரவேண்டும். அதற்கு மேல் வழக்கறிஞர் கட்டணம், மின்சார, தண்ணீர் வைப்புத்தொகை, சன்னல் கம்பி, மின்விசிறி என்று தொடர்ந்து வரும். மொத்தத்தில் 35,000 வெள்ளி என்று ஒரு குறியை வைத்துக்கொள்வது நலம். மின்விசிறியைக் கூடவா கணக்கில் சேர்ப்பது என்று சிலர் சிரிக்கலாம். சாவி கைக்கு வந்த மாதத்தில் கடன் அட்டையைத் தேய்ப்பவர்கள் பெரும்பாலும் இந்தச் சில்லறைச் செலவுகளுக்காகவே தேய்க்கிறார்கள்.

குடும்பத் தலைவரின் சம்பளம் 2,800 வெள்ளி என்று கொள்வோம். ஊழியர் சேமநிதிக்கு அவர் பங்கு 11 விழுக்காடு, அதாவது 308 வெள்ளி. 5,000 வெள்ளி வரை சம்பளம் பெறுவோருக்கு முதலாளியின் பங்கு 13 விழுக்காடு, அதாவது 364 வெள்ளி. இரண்டும் சேர்ந்து 672 வெள்ளி. 2024 மே மாதம் முதல் 55 வயதுக்குட்பட்டவர்களின் சந்தா மூன்றாகப் பிரிகிறது. 75 விழுக்காடு ஓய்வுக்கால கணக்குக்கும், 15 விழுக்காடு ‘செஜாத்ரா’ கணக்குக்கும், 10 விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ‘பிளெக்சிபெல்’ கணக்குக்கும் போகின்றன. வீடு வாங்க எடுக்கக்கூடியது அந்த 15 விழுக்காடு. நம் கணக்கில் அது மாதம் சுமார் 100 வெள்ளி. ஐந்து ஆண்டில் ஈவுத்தொகை நீங்கலாக 6,000 வெள்ளி. மீதி 29,000 வெள்ளியை 60 மாதங்களில் சேர்க்க வேண்டுமானால் மாதத்துக்கு 483 வெள்ளி வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வீட்டுக்காகச் சேமநிதியில் பணம் எடுக்க, கையெழுத்தான விற்பனை ஒப்பந்தம் கேட்பார்கள். ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கோ முன்பணம் வேண்டும். எனவே சேமநிதிப் பணம் பின்னால் வருகிற பணம். முன்னால் போடவேண்டிய ரொக்கம் நம் கையில் இருந்தாக வேண்டும். பக்க வருமானத்தின் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

மேலதிக நேரமா, வீட்டுத் தொழிலா?

மாதம் 480 வெள்ளிக்கு இரண்டு வழிகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலாவது, இருக்கின்ற வேலையிலேயே ஓவர்டைம் செய்வது. 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, மாதம் 4,000 வெள்ளிக்கு மேற்படாத சம்பளக்காரருக்குச் சாதாரண நாளில் ஒன்றரை மடங்கு கூலி தரவேண்டும். 2,800 வெள்ளியை 26 நாளால் வகுத்து, அதை எட்டு மணி நேரத்தால் வகுத்தால் ஒரு மணிக்கு 13 வெள்ளி 46 காசு. ஒன்றரை மடங்கு என்றால் ஏறக்குறைய 20 வெள்ளி. ஆக, வாரத்துக்கு 6 மணி நேரம், மாதத்துக்கு 24 மணி நேரம் கூடுதலாக வேலை செய்தால் நம் தொகை வந்துவிடும். முதலீடு இல்லை, நட்டம் இல்லை.

ஆனால் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி இதில் உண்டு. ஓவர்டைம் பணத்துக்குச் சேமநிதி பிடிப்பதில்லை. முதலாளியும் அதற்குச் சந்தா கட்ட வேண்டியதில்லை. சம்பளத்தைப் போல அது தானாகச் சேமிப்பில் விழுந்துவிடாது. கைக்கு முழுதாக வரும், முழுதாகச் செலவாகும். போதாக்குறைக்கு, கடன் கொடுக்கும் வங்கியும் ஓவர்டைமை நிலையான சம்பளமாகக் கருதாமல், பெரும்பாலும் ஒரு பகுதியை மட்டுமே கணக்கில் எடுக்கும். ஆகவே ஓவர்டைம் வாங்குகிறவர் அந்தத் தொகையைச் சம்பளம் வந்த அன்றே வேறு கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். மாதக் கடைசியில் மிஞ்சியதைப் போடலாம் என்றால் மிஞ்சாது. இது நம் எல்லார் வீட்டு அனுபவமும்.

இரண்டாவது வழி, வீட்டிலிருந்தே ஒரு தொழில். தோசை மாவு, முறுக்கு, கேக், தையல், பூமாலை, டியூஷன் எனப் பல உண்டு. எல்லாவற்றையும் அலசப் பக்கம் போதாது. மாவையே எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ பொட்டலம் 5 வெள்ளிக்குப் போகிறது என்று வைப்போம். அரிசி, உளுந்து, வெந்தயம் 2 வெள்ளி 20 காசு. பை 20 காசு. மின்சாரமும் தண்ணீரும் 20 காசு. கொண்டுபோய்க் கொடுக்கும் பெட்ரோல் 30 காசு. புளித்தும் விற்காமலும் போவதற்கு 10 காசு. நிற்பது 2 வெள்ளி. விலைவாசி இடத்துக்கு இடம் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது. 480 வெள்ளிக்கு மாதம் 240 பொட்டலம், வாரம் 60, ஞாயிறு நீங்கலாக நாளுக்குப் பத்து.

நாளுக்குப் பத்துப் பொட்டலம் என்பது எட்டக்கூடியதே. ஓர் அடுக்குமாடியில் இரண்டு புளோக் போதும். ஆனால் பலர் தடுக்கி விழும் இடம் வேறு. ஐந்து வெள்ளியையும் வருமானம் என்று எண்ணிவிடுவார்கள். அரிசி வீட்டு அரிசி மூட்டையிலிருந்து வரும், பெட்ரோல் கணவரின் மோட்டாரிலிருந்து வரும், கிரைண்டர் தவணையோ தீபாவளி போனஸில் அடைபட்டிருக்கும். விற்ற பணம் அஞ்சறைப்பெட்டிக்கும் கைப்பைக்குமாகப் போய், பிள்ளைகளின் பள்ளிப் பேருந்துக்கும் தொலைபேசிக்குமாகக் கரையும். ஆறு மாதம் உழைத்த பிறகு, “இதில் ஒன்றும் நிற்கவில்லை” என்று கிரைண்டரைத் துணிபோட்டு மூடிவிடுவார்கள். தொழில் அவர்களைக் கைவிடவில்லை. தொழிலின் பணமும் வீட்டின் பணமும் ஒரே டப்பாவில் கிடந்ததால், லாபம் எது என்று கண்ணுக்குத் தெரியாமலே போய்விட்டது.

இரண்டு நோட்டுப் புத்தகம் போதும். ஒன்றில் வாங்கியது, மற்றதில் விற்றது. வாரக் கடைசியில் முதலை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, லாபத்தை வங்கியில் போடவேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையை இந்தக் கணக்குக்குப் பொறுப்பாக்கினால் இன்னும் நல்லது. பிள்ளைகள் காசு விஷயத்தில் பெரியவர்களைவிடக் கறாரானவர்கள்.

வங்கியின் கண்ணுக்குத் தெரியும் பணம்

இந்தக் கட்டுரையின் மையமான செய்தி இதுதான்: தாளில் இல்லாத வருமானம் வங்கிக்கு வருமானமே அன்று.

நம் குடும்பத்தையே மீண்டும் பாருங்கள். 225,000 வெள்ளிக் கடன், 4 விழுக்காடு வட்டி, 30 ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 1,074 வெள்ளி. பிடித்தம் போக அவர் வீட்டுக்குக் கொண்டுவருவது சுமார் 2,470 வெள்ளி. காருக்கு 500 வெள்ளி கட்டுகிறார் என்றால், இரண்டு தவணையும் சேர்ந்து சம்பளத்தில் 64 விழுக்காட்டை விழுங்கிவிடும். இந்த விண்ணப்பத்தைப் பார்த்து வங்கி தயங்கும். மனைவியும் கூட்டு விண்ணப்பதாரராகி, அவருடைய 480 வெள்ளி ஆவணத்தோடு காட்டப்பட்டால், இந்த விழுக்காடு 53-ஆகக் குறைகிறது. எத்தனை விழுக்காடு வரை ஏற்பது என்பதில் வங்கிக்கு வங்கி வேறுபாடு உண்டு. என்றாலும், ‘இல்லை’ என்பது ‘ஆகட்டும்’ என்று மாற இந்த வித்தியாசம் போதுமானதாக இருக்கும். மாவு விற்ற பணம் இப்போது இரண்டு வேலை செய்கிறது: முன்பணத்தையும் சேர்த்தது, கடனுக்குத் தகுதியையும் சேர்த்தது. ரொக்கமாகவே புழங்கியிருந்தால் முதல் வேலையை மட்டும் செய்திருக்கும்.

தாளில் கொண்டுவருவது மலைபோன்ற காரியம் அன்று. தீபகற்ப மலேசியாவில் 1956-ஆம் ஆண்டின் வணிகப் பதிவுச் சட்டப்படி, தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வேறு பெயர் வைத்தால் 60 வெள்ளி. உணவுத் தொழில் என்றால் டைபாய்டு தடுப்பூசியும் உணவு கையாளுவோருக்கான பயிற்சியும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஊராட்சி மன்றத்தின் உரிமம் வேண்டுமா என்பதையும் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பிறகு அந்தத் தொழிலுக்கென்று ஒரு வங்கிக் கணக்கு. வாடிக்கையாளர் கியூஆர் வழியாகச் செலுத்துவதும், ரொக்கமாக வந்ததை வாரா வாரம் போடுவதும் அதே கணக்கில் பதிவாகட்டும். சொந்தத் தொழில் செய்வோரிடம் வங்கிகள் வழக்கமாகக் கேட்பவை வணிகப் பதிவு, ஆறு மாதக் கணக்கறிக்கை, வருமான வரிப் படிவம் ஆகியவை.

வரிப் படிவம் என்றதும் நம்மவர்கள் பின்வாங்குவார்கள். சம்பளம் மட்டும் உள்ளவர் ‘பி.இ.’ படிவத்தை ஏப்ரல் 30-க்குள் அனுப்புகிறார். தொழில் வருமானமும் உள்ளவர் ‘பி’ படிவத்தை ஜூன் 30-க்குள் அனுப்ப வேண்டும். ஆண்டுக்கு ஐயாயிரம், ஆறாயிரம் வெள்ளி மட்டுமே லாபம் காணும் ஓர் இல்லத்தரசிக்குக் கழிவுகள் போக வரி ஒன்றும் வராது. வரியும் கட்டாமல், அரசாங்க முத்திரையோடு வருமானச் சான்றும் கிடைக்கிறது என்றால் அதை ஏன் விடவேண்டும்?

சம்பளச் சீட்டே இல்லாதவர்களும் மனம் தளரவேண்டாம். சிறு வணிகர், வாடகைக் கார் ஓட்டுநர், அங்காடிக்காரர் போன்ற நிலையான சம்பளம் இல்லாதோர் வீட்டுக்கடன் பெற, நிதி அமைச்சின் கீழ் இயங்கும் வீட்டுக்கடன் உத்தரவாத நிறுவனமான எஸ்.ஜே.கே.பி. வங்கிக்கு உத்தரவாதம் அளிக்கிறது. அங்கும் வருமானத்துக்கு ஏதோ ஒரு சான்றைக் கேட்பார்கள்.

கூட்டும் பெட்டியும்

சேர்க்கும் பணத்தை எங்கே வைப்பது? நம் பெண்களுக்குக் கூட்டு கட்டுவது கைவந்த கலை. பத்துப் பேர், மாதம் 300 வெள்ளி. முறை வந்தவருக்கு மொத்தமாக 3,000. வட்டியில்லை, மனு இல்லை, கட்டாயம் கட்டியாக வேண்டும் என்ற மானம் மட்டும் உண்டு. அந்த மானம்தான் அதன் பலம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் முதலில் எடுத்தவர் மூன்றாம் மாதம் வேறு ஊருக்குப் போய்விட்டால், கடைசிச் சீட்டுக்காரர் யாரிடம் போவார்? இந்நாட்டில் 1971-ஆம் ஆண்டிலேயே கூட்டு நடத்தும் தொழிலைத் தடைசெய்யும் சட்டம் வந்துவிட்டது. அப்படிப்பட்ட ஒன்றில் போன பணத்தைத் தேடிப் போகும்போது, போகிறவரின் கால் தயங்குகிறது. மாறாக, வணிக வங்கிகளில் உள்ள வைப்புக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 250,000 வெள்ளி வரை வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகத்தின் பாதுகாப்பு உண்டு. வட்டி குறைவுதான், ஆயினும் முதல் இருக்கும். வீட்டு முன்பணத்துக்கு அது போதும்.

மாலை நேரத்தில் பெட்டியோடு வீட்டுக்கு வரும் உறவினரைப் பற்றியும் ஒரு வார்த்தை. “அண்ணே, முதலில் நீங்கள் ஆயிரத்து ஐந்நூறு வெள்ளிக்குப் பொருள் எடுத்தால் போதும்” என்று அவர் தொடங்கினால், காப்பி கொடுத்து உபசரித்து அனுப்பிவிடலாம். சம்பாதிப்பதற்கு முன்பே நம்மைச் செலவழிக்கச் சொல்வது பக்க வருமானம் ஆகாது.

சேமநிதியின் பிளெக்சிபெல் கணக்கு 50 வெள்ளி வரை குறைவாகக்கூட எடுக்க அனுமதிக்கிறது. தொலைபேசியைத் தட்டினால் போதும். வீட்டுக் குறி வைத்திருப்பவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே உத்தமம். அதே போல, சொந்தத் தொழில் செய்வோருக்கான ‘இ-சாரான்’ திட்டத்தில் 2025-இல் அரசாங்கம் 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை, சேர்த்துக் கொடுத்தது. நல்ல திட்டம், ஆனால் அதில் போடும் பணத்தின் பெரும்பகுதி முதுமைக்கு உரியது. வீட்டு முன்பணத்தை அதில் போட்டுவிட்டு வேண்டியபோது தேடக்கூடாது.

உடம்பைப் பற்றியும் சொல்லவேண்டும். பகலில் தொழிற்சாலை, இரவில் வாடகைக் கார் என்று நான்கு மணி நேரத் தூக்கத்தில் ஓடுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 30 ஆண்டுத் தவணையைக் கட்டவேண்டியவர், ஐந்தாண்டு முன்பணத்துக்காக உடம்பை அடமானம் வைக்க வேண்டியதில்லை. ஐந்து ஆண்டு ஏழு ஆண்டானால் ஆகட்டும். சட்டமே மாதத்துக்கு 104 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் கூடாது என்கிறது.

சாவி வந்த பிறகு

சாவி கைக்கு வந்ததும் பெரும்பாலோர் கிரைண்டரை ஓய்வுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுத்து அனுப்பலாம். மேலே சொன்ன கடனில் மாதம் 1,074 வெள்ளிக்குப் பதில் 1,174 வெள்ளி கட்டினால், 360 மாதத் தவணை 306 மாதத்தில் முடிகிறது. நான்கரை ஆண்டு முன்னதாக முடிவதோடு, வட்டியில் 27,000 வெள்ளிக்குக் குறையாமல் மிச்சமாகிறது. அந்த நூறு வெள்ளி என்பது மாதத்துக்கு ஐம்பது பொட்டலம் மாவு, அல்லது ஐந்து மணி நேர ஓவர்டைம். கூடுதலாகக் கட்டும் தொகை அடுத்த மாதத் தவணைக்கு முன்பணமாக வரவு வைக்கப்படாமல் கடன் முதலில் கழிக்கப்பட வேண்டும் என்று வங்கியிடம் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள். சில கடன்களில் இதற்கென்று தனிப் படிவமே உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளிலேயே அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.